கடைசி ஆளின் வேகம்

ஆவணி கடைசி வாரத்தில் ஒரு நாள் தறியை மூடிவைத்துவிட்டு நான் மட்டும் கிளம்புவேன். சட்டைப் பையில் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி சுமார் 110 கிலோமீட்டர். மொபெட்டில் போய்வர ஒரு பகலும் பாதி ராத்திரியும் ஆகும், ஏனென்றால் வழிநெடுக நிறுத்தி நிறுத்திப் போகவேண்டும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இதை 'வழி பார்க்கிறது' என்பார்கள். புரட்டாசியில் நாற்பது பேர் பாதயாத்திரை போகும் பாதையை முன்கூட்டியே ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். 1998லிருந்து அந்த ஒருவன் நான்.

நோட்டில் கிலோமீட்டர் கல்லை எழுதுவதில்லை, அது நட்ட இடத்திலேயே நிற்கும். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எது மாறியதோ அதுதான் எழுத்தில் ஏறும். எந்தக் கைபம்பு வறண்டது, எந்த டீக்கடை விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்திருக்கிறது, எந்த பெட்ரோல் பங்கில் பெண்களைக் கழிவறைக்கு முகம் சுளிக்காமல் விடுகிறார்கள், தார் முடிகிற இடத்தில் மண் எத்தனை விரல் பள்ளம், எந்த வளைவில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது, எங்கே நாய்க்கூட்டம். முக்கியமாக நிழல். சாலையை அகலமாக்கியபோது பல இடங்களில் பழைய புளியமரங்கள் போய்விட்டன. நான் பையனாக நடந்தபோது ஒரு மர நிழலிலிருந்து அடுத்த மர நிழல் கண்ணுக்குத் தெரியும். இப்போது ஒரு வேப்பமரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொள்கிறேன்.

முதலில் நடந்தது 1979ல். அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்த வருஷம். எனக்கு 16 வயது. அந்த 48 நாளும் ஊர் நிறைந்திருந்தது. அவர் திரும்பக் குளத்துக்குள் போனபிறகு வந்த புரட்டாசியில் அப்பா என்னைத் திருமலைக்கு நடத்திக் கூட்டிப்போனார். கிளம்புமுன் வரதர் சந்நிதிக்குப் போகும் 24 படிகளை ஏறி இறங்கினோம். அலிபிரியில் 3550 படி இருக்கிறது என்று யாரோ சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது முதல் படியிலேயே கால் நடுங்கியது.

நெசவாளியின் கால் நடக்கிற கால் அல்ல. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி அழுத்துவோம். கணுக்காலுக்கு வேலை உண்டு, முழங்காலுக்குக் கொஞ்சம் உண்டு, குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் ஒன்றுமே கிடையாது. முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவனின் உள்ளங்கால் குழந்தையினுடையது மாதிரி மெத்தென்று இருக்கும். இடுப்போ கிழவனுடையது. இந்த உடம்பை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் 30 கிலோமீட்டர் நடக்கிறேன் என்று கிளம்புகிறவனை எனக்குப் பிடிப்பதில்லை. ஆடி பிறந்ததும் பேர் கொடுத்தவர்களை நடக்கவிடுவேன். முதல் வாரம் கைலாசநாதர் கோயில்வரை போய்வருவது. பிறகு செவிலிமேடு, பாலாற்றுப் பாலம். ஆவணியில் இரண்டு ஞாயிறு திருப்புட்குழி போய்த் திரும்புவது. யாத்திரைக்குப் போட்டுக்கொள்ளப்போகும் அதே செருப்பு, தோளில் அதே பை. திருப்புட்குழி நடைக்கு வராதவர்களை வேனில் ஏற்றிக்கொள்வோமே தவிர, சாலையில் இறக்குவதில்லை. இதற்காகச் சிலர் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த விதியைத் தளர்த்தவில்லை.

மாதம் புரட்டாசி என்பது பெருமாள் குறித்தது. தறிக்கும் அதுதான் தோது. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், வீட்டை விட்டு நகர முடியாது. ஆனால் தீபாவளிச் சேலைக்கு நெருக்கடியான நாட்களும் இவையேதான். சேலை கொடுக்கவேண்டிய தேதியை முன்னாலேயே பேசிவைத்து, ராத்திரியும் உட்கார்ந்து முந்தியை முடித்துச் சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஐந்து நாள் கேட்பேன். புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் வழியெங்கும் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் குறைவு. சனிக்கிழமை மலையேறும்படி மட்டும் திட்டம் போடமாட்டேன். பிரம்மோற்சவத்துக் கருட சேவை நாளும் வேண்டாம். செவ்வாயோ புதனோ மலைக்குப் போய்ச்சேரும்படி பின்னாலிருந்து நாளை எண்ணிக் கிளம்பும் கிழமையைக் குறிப்பேன்.

வழியில் எப்போது நிறுத்துவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வரதர்தான். பொங்கலை ஒட்டி அவர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போகிறார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று 20 கிலோமீட்டருக்கு மேல் தோளிலேயே பயணம். பிறகு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல், அங்கே மற்றப் பெருமாள்களோடு சேர்ந்து ஐந்து பேராகக் காட்சி கொடுப்பார். சின்ன வயதில் அந்தப் பல்லக்கின் பின்னால் ஓடியிருக்கிறேன். வளர்ந்தபிறகு பெருமாளைவிட ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்களைத்தான் கவனித்தேன். அவர்கள் களைத்தபிறகு தோள் மாற்றுவதில்லை, களைக்கும் முன்பே மாற்றுகிறார்கள். மண்டகப்படி என்பது கற்பூரம் காட்டுவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. தூக்குகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வார்கள், பின்தங்கியவர்கள் வந்து சேருவார்கள். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணெதிரே நடக்கும் பாடம் அது. எங்கள் யாத்திரையிலும் யாரும் கேட்பதற்கு முன்பே நிறுத்தம் வரும். ஒரு மணி நேர நடை, பத்து நிமிஷ உட்கார்தல்.

திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே நடந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள், வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தின் மருந்துப் பெட்டியை அந்தக் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட வருஷத்தில்தான் ஒழுங்காகப் பட்டியல் போட்டு அடுக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் ஒரு டப்பாவில் தைலமும் தலைவலி மாத்திரையும் மட்டும்தான் இருந்தன. அந்தப் பட்டியல் இன்னும் சில வருஷம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1999ல் நடந்ததைச் சொல்கிறேன். நான் பொறுப்பேற்று இரண்டாவது வருஷம், வயது 36. கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கோவிந்தா போட்டால் பின்னால் முப்பத்தொரு குரல் எழும், அதில் எனக்கு ஒரு கிறக்கம் இருந்தது. நகரி தாண்டிப் புத்தூர் போகிற வழியில் இருட்டிவிட்டது. மண்டபத்துக்குப் போய்த் தலையெண்ணினால் 31தான் வந்தது. என் தாய்மாமனைக் காணோம். எனக்கு நாடா எறியக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் திரும்ப ஓடினோம். மூன்று கிலோமீட்டருக்கும் மேலே போனபிறகு, எதிரே லாரி வெளிச்சத்தில் ஒரு உருவம் சாலை ஓரமாக மெல்ல வந்தது. ஒரு கையில் செருப்பு. வாய்க்குள் கோவிந்தா.

"இன்னா மாமா, உக்காந்துட்டீங்களா? ஒரு குரல் குடுத்திருக்கலாம் இல்ல?"

"குடுத்தேன்டா. நீ முன்னாடி போற இல்ல, கேக்கல."

மண்டபத்து விளக்கில் பார்த்தபோது அவர் வலது கால் பெருவிரலுக்குக் கீழே கண்ணாடிச் சில் ஏறியிருந்தது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சர்க்கரைக்காரருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி மரத்துப்போகும் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. செருப்பு வழுக்குகிறதே என்று பார்த்தாராம், ரத்தம். மறுநாள் காலை புத்தூரில் ரயிலேற்றி அரக்கோணத்துக்கு அனுப்பினோம். புண் ஆறவில்லை. தை மாதத்துக்குள் அந்த விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். வருஷாவருஷம் நாங்கள் கிளம்பும்போது திண்ணையில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிடுவார். அந்த விரலைப் பற்றி ஒரு சொல் என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் கொடியை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு நான் கடைசிக்கு வந்துவிட்டேன். இன்றுவரை அங்கேதான் நடக்கிறேன். கோர்வை போடும் தறியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று நாடா, இரண்டு ஆள். அந்தப் பக்கத்து ஆள் தன் நாடாவைத் தள்ளாமல் இந்தப் பக்கத்துக்காரன் அடுத்த மிதியை மிதிக்க முடியாது. அவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் காத்திருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் கரை வேறு உடம்பு வேறாகப் பிரிந்துவிடும். அப்படித்தான் நாற்பது பேரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தேன். ஜோடியை விட்டு யாரும் நடக்கக்கூடாது. சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் ஜோடி நிற்கவேண்டும். முன்னால் போகும் பையனிடம் ஒரு விசில், என்னிடம் ஒன்று. நான் ஊதினால் அவன் நிற்பான்.

ராத்திரி படுக்குமுன் கால் பார்ப்பது இன்னொரு வழக்கம். ஆண்கள் வரிசையாகக் காலை நீட்டி உட்காருவார்கள், நான் டார்ச் அடித்து ஒவ்வொரு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பேன். பெண்களுக்கு என் அண்ணி பார்ப்பார். வயதில் பெரியவர்கள் ஆரம்பத்தில் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார்கள். கொப்புளத்தை யாரும் ஊசியால் குத்தக்கூடாது, தோல்தான் அதற்கு மருந்து. மேலே சுத்தமான பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுவோம். தொடை உரசலுக்கு, உரசுவதற்கு முன்பே விளக்கெண்ணெய். செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்களோடுதான் பெரிய வாதம். பதினோரு மணித் தாரில் ஒரு நிமிஷம் கை வைத்துப் பாருங்கள் என்பேன். சர்க்கரை இருப்பவர்களுக்கு வாதமே கிடையாது, மூடிய செருப்பும் பருத்திச் சாக்ஸும் போட்டால்தான் கூட்டத்தில் இடம். வேண்டுதல் கெட்டுப்போகும் என்று ஒரு அம்மா அழுதார். படியேறும்போது கழற்றிக்கொள்ளுங்கள், பெருமாள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றேன். அவர் சம்மதித்தார்.

தனியாக நடப்பவன் மணிக்கு 5 கிலோமீட்டர் போவான். கூட்டத்துக்கு, நிறுத்தங்களையும் சேர்த்து, 3 கிலோமீட்டர்தான். என் கணக்கு முழுவதும் அந்த மூன்றில் நிற்கிறது. முதல் நாள் விடியற்காலை மூன்றுக்குக் கிளம்பி, வெள்ளைகேட்டில் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்து, பத்து மணிக்கெல்லாம் பள்ளூரைத் தாண்டி ஏதாவது கூரைக்கடியில் ஒதுங்கிவிடவேண்டும். நாலு மணி வரை நடையில்லை. பிறகு அரக்கோணம். இரண்டாம் நாள் வேண்டுமென்றே சின்ன நாள்: அரக்கோணத்திலிருந்து திருத்தணி 14 கிலோமீட்டர் அளவுதான். முதல் நாள் வலி இரண்டாம் நாள்தான் தெரியும். முருகனுக்கு 365 படி ஏறி இறங்கிவிட்டு மத்தியானமே படுத்துவிடலாம். மூன்றாம் நாள் புத்தூர், நான்காம் நாள் வடமாலப்பேட்டை வழியாகத் திருச்சானூர். இரண்டுமே 30 கிலோமீட்டருக்கு மேல் போகும் நாட்கள். ஐந்தாம் நாள் மலை.

இந்தப் பாதையில் ஒரு பெரிய வசதி, பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுவது. திருத்தணி, பொன்பாடி, ஏகாம்பரக்குப்பம், புத்தூர் என்று நிலையங்கள் வரிசையாக வரும். எந்த இடத்தில் ஒருவருக்கு முடியாமல் போனாலும் ஆட்டோ பிடித்து ஒரு நிலையத்தில் உட்காரவைத்துவிடலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாசஞ்சர் வண்டிகளின் நேரத்தை எழுதியிருப்பேன். முடியவில்லை என்று சொல்கிறவரை யாரும் கேலி செய்யக்கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். திரும்பிப்போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆள் வலியை மறைக்காமல் சொல்வான்.

சாலையில் வலது ஓரம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியவேண்டும். பெரும்பாலான கூட்டங்கள் இடது பக்கமே போகின்றன, முதுகில் வரும் லாரியை யார் பார்ப்பது? ஆரம்ப வருஷங்களில் மிச்சமான ஜரிகையைத் துண்டில் தைத்துக்கொண்டோம், இருட்டில் மின்னும் என்ற நம்பிக்கை. ஒரு ராத்திரி நானே தள்ளிப்போய் மொபெட் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கல்யாணப் பந்தலில் ஜொலிக்கிற சரக்கு ஐம்பதடியில் ஒன்றுமில்லை. சாலை வேலைக்காரர்கள் போடும் ஒளிரும் பட்டையை வாங்கி எல்லார் முதுகிலும் மார்பிலும் தைத்தது அதற்குப் பிறகுதான்.

வானம் பார்ப்பதில் மட்டும் எங்களுக்குக் கற்றுத்தர யாரும் வேண்டாம். விடியலில் தெருவிலே பாவு விரிக்கிற ஜனம் நாங்கள். புரட்டாசி மழை எங்கள் பக்கம் சாயங்காலத்தில் இடியோடு வரும், பெரும்பாலும் மேற்கிலிருந்து. மூன்று மணிக்கு மேற்கே கறுத்துக் காற்று சில்லென்று திரும்பினால் அன்றைய சாயங்கால நடை கிடையாது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் ஒற்றைப் பனைமரத்தடிக்கு ஓடுகிறவனைத் தடுப்பதற்காகவாவது நான் பின்னால் இருக்கவேண்டும்.

சாப்பாட்டுக்கு முதல் இரண்டு நாள் கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு அவிப்பது. வரதருக்கு நிவேதனமாகும் பண்டம், இரண்டு நாள் கெடாது, மிளகும் சுக்கும் வயிற்றைக் காக்கும். பிறகு புளியோதரை. தண்ணீரைப் பற்றித் தவறாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று ஒரு வருஷம் எல்லாரையும் வற்புறுத்தினேன். அந்த வருஷம் மயங்கி விழுந்த பையன் பாட்டில் பாட்டிலாகக் குடித்தவன். பார்த்த டாக்டர், வியர்வையில் போன உப்பு எங்கே என்று கேட்டார். அன்றிலிருந்து உப்புப்போட்ட நீர்மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

பொன்பாடி தாண்டினால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தை அப்பா கதையாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். நகரியில் கடைக்காரர்கள் இரண்டு பாஷையும் பேசுவார்கள், தெருவுக்குள் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். எங்கள் ஆட்கள் அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். அது கைத்தறிக்கு எதிரியின் சத்தம் என்று சொல்லலாம், ஆனால் உள்ளே வேலை செய்கிறவனின் முதுகு எங்களுடைய அதே முதுகுதான். ஒரு வருஷம் அங்கே ஒருவர் எங்கள் நடையையும் உட்காரும் விதத்தையும் பார்த்தே, "தறிக்காரங்களா?" என்று தமிழில் கேட்டு மோர் கொடுத்தார்.

மலைப்பாதையை என் மொபெட்டில் பார்க்க முடியாது. அதற்கு விசாரிப்புத்தான். 2021 நவம்பர் மழையில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சேதமாகி, அடுத்த வருஷம் மே மாதம்தான் திறந்தார்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு சிறுவர்களை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் விடுவதில்லை என்று விதித்தார்கள், நடப்பவர்களுக்குக் கையில் கோல் கொடுத்தார்கள். டோக்கன் முறையும் அடிக்கடி மாறும். போன வருஷம் எப்படி இருந்தது என்பதை வைத்து மலைக்குப் போகக்கூடாது. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை, திருச்சானூரில் தங்கும் ராத்திரி ஒருமுறை கேட்டுக்கொள்வேன். ஸ்ரீவாரி மெட்டு 2388 படி, தூரம் 2 கிலோமீட்டர் சொச்சம். அலிபிரி 9 கிலோமீட்டர். குறைவு என்று மெட்டுக்குப் போகலாமா என்று இளவட்டங்கள் கேட்பார்கள். நான்கு நாள் நடந்த முழங்காலுக்குக் குத்துப்படி ஆகாது. அலிபிரியில் நடுவே சமதரை உண்டு, கூரை உண்டு, குழாய் உண்டு. சுமையை அடிவாரத்தில் தேவஸ்தானத்திடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறலாம்.

கடைசியில் வருவது மோகாள மெட்டு. மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால். ராமானுஜர் இந்த மலையைக் காலால் மிதிக்க மனமின்றி முழங்காலால் ஏறினார் என்று சொல்வார்கள். அங்கே எங்கள் வரிசை கலைந்துவிடும். பையன்கள் ஓடுவார்கள், கோபுரம் தெரியும் ஆசை. நான் விசிலைப் பையில் போட்டுக்கொள்வேன். அந்தச் சில நூறு படிகளில் என்னோடு ஒரே ஒரு ஆள்தான் இருப்பார், அந்த வருஷத்துக் கடைசி ஆள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு வாங்கி ஏறுவார். போன வருஷம் அவர் 71 வயதுப் பாட்டி, ஆயுள் முழுக்கப் பட்டுநூல் இழைத்தவர்.

"நீ போப்பா, உனக்குத் தாமசம் ஆவுது."

"இல்ல பாட்டி, எனக்கும் முட்டி வலிக்குது."

பொய்யில்லை. எனக்கும் வலித்தது.

ஊர் திரும்ப பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். மறுநாள் தறியில் இறங்கினால் வீங்கிய கால் மிதியில் பொருந்தாது, இரண்டு நாள் வெறுங்காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு நூல் வேலை பார்ப்பேன். அதற்குள் நோட்டை எடுத்து, மறப்பதற்கு முன் எழுதிவிடவேண்டும். போன வருஷத்துப் பக்கம் இப்படி முடிகிறது: வடமாலப்பேட்டைக்கு முன்னால் இரண்டு வேம்பு இல்லை, அடுத்த நிழல் 40 நிமிஷம். பாட்டி வேகத்தில் 55.